நாற்பது சென்டிமீட்டர் அலை: டெட்ராய்ட் 62-ஆம் சேனலின் கதை

1994 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2-ஆம் சேனலில் சி.பி.எஸ். நிறுவனத்தின் நிகழ்ச்சிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அன்று தொலைக்காட்சியைப் போட்டபோது அங்கே போட்டி நிறுவனமான ஃபாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 1948 முதல் அந்த எண்ணில் குடியிருந்த சி.பி.எஸ்., 62-ஆம் சேனலுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. ஆன்டெனாவை மட்டுமே நம்பியிருந்த, நகரைவிட்டுத் தள்ளியிருந்த வீடுகளில் 62-ஆம் எண்ணில் தெளிவான படம் கிடைப்பதே பெரும்பாடு. நாட்டின் மிகப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒன்று, அவ்வளவு பெரிய நகரில் அப்படி ஒரு மூலைக்கு ஏன் போனது? பாதி விடை பணத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அலையின் நீளத்தில் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஓர் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் தூர்தர்ஷன் காலத்தில் நிகழ்ச்சி தயாரித்ததும் கோபுரத்தை வைத்திருந்ததும் ஒரே அரசு நிறுவனம். பிறகு வந்த செயற்கைக்கோள் சேனல்கள் வானத்திலிருந்து நேராகக் கேபிள்காரரின் தட்டில் இறங்கின. அமெரிக்காவில் அப்படியில்லை. சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. போன்றவை நிகழ்ச்சிகளைத் தந்த நிறுவனங்கள். வலையமைப்புகள் என்று அவற்றைச் சொல்லலாம். கோபுரமும் உரிமமும் உள்ளூர் நிலையத்திடம் இருந்தன. ஒரு வலையமைப்பு நேரடியாகச் சொந்தம் கொண்டாடக்கூடிய நிலையங்களுக்குச் சட்டம் வரம்பு விதித்திருந்தது: 1954 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மொத்தம் 7 நிலையங்கள்தாம். ஆகவே நாடு முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் மற்ற ஊர்களில் யாரோ ஒருவருடைய கோபுரத்தை ஒப்பந்தம் போட்டு இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இணைப்பு நிலையம் என்பது அதுதான். உள்ளூர் நிலையம் ஒளிபரப்பாவிட்டால், அந்த ஊரைப் பொறுத்தவரை வலையமைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை நிலையத்தின் முதன்மைக் கட்டுப்பாட்டு அறையில் பார்க்கலாம். சுவரில் நொடிமுள் பிசகாத கடிகாரம். அதன் கீழே வரிசையாகச் சின்னத் திரைகள்: ஒன்றில் நியூயார்க்கிலிருந்து வரும் படம், இன்னொன்றில் உள்ளூர் விளம்பரம் தயாராக நிற்கும் நாடா, மற்றொன்றில் இந்தக் கணம் காற்றில் போய்க்கொண்டிருப்பது. வலையமைப்பு தன் நிகழ்ச்சிக்கு நடுவே உள்ளூருக்கென்று சில நொடிகளை விட்டுவைக்கும். அந்த இடைவெளி வந்ததும் பணியில் இருப்பவர் பொத்தானை அழுத்தி நியூயார்க்கை வெட்டி, டெட்ராய்ட் கார் விற்பனையாளரின் விளம்பரத்தைச் செருகுவார். மணிக்கு ஒருமுறை நிலையத்தின் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும்; அது சட்டம். நொடி தவறினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த இடைவெளிகள்தாம் நிலையத்தின் சோறு. அதற்கு மேல், தன் நேரத்தைக் கொடுத்ததற்காக வலையமைப்பும் நிலையத்துக்குப் பணம் தந்துவந்தது.

நியூயார்க் படம் டெட்ராய்ட்டுக்கு வந்துசேர்ந்ததே ஒரு பொறியியல் சாதனை. 1949 ஜனவரி 11 அன்றுதான் கிழக்குக் கடற்கரையின் தொலைக்காட்சித் தடமும் நடுமேற்கு நகரங்களின் தடமும் கோ-ஆக்சியல் கம்பிவடம் வழியே இணைந்தன. அதற்கு முன், திரையில் ஓடும் படத்தைச் சினிமாச் சுருளில் பதிந்து அஞ்சலில் அனுப்பினார்கள். 1951 செப்டம்பரில் நுண்ணலைக் கோபுரங்களின் தொடர் மேற்குக் கடற்கரையை எட்டியது. செயற்கைக்கோள் வந்த பிறகே இந்தத் தரைவழித் தடங்களுக்கு ஓய்வு கிடைத்தது.

இப்போது எண்களுக்கு வருவோம். சேனல் எண் என்பது ஒரு வீட்டு எண் போன்ற வெறும் அடையாளம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கால அமெரிக்காவில் அது இயற்பியல் முகவரி. 2-ஆம் சேனல் என்றால் 54 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை. 62-ஆம் சேனல் என்றால் 758 முதல் 764 வரை. முன்னதில் அலையின் நீளம் ஐந்தேகால் மீட்டர். பின்னதில் நாற்பது சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆன்டெனாவின் அலுமினியத் தண்டு பொதுவாக அலைநீளத்தில் பாதி இருக்கும். 2-ஆம் சேனலுக்கான தண்டைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்: இரண்டரை மீட்டருக்கு மேல். 62-க்கானது பள்ளிப் பிள்ளையின் அளவுகோலைவிடக் கொஞ்சம் பெரியது, சுமார் 20 சென்டிமீட்டர்.

சின்னதாக இருந்தால் வசதிதானே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். ஆன்டெனா என்பது மழைநீரைப் பிடிக்க வைத்த பாத்திரம் மாதிரி. வாய் அகன்றிருந்தால் அதிகம் சேரும். அந்த வாயின் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அலைநீளம் 13 மடங்குக்குச் சற்று மேல் குறைந்தால், அதே வகை ஆன்டெனா பிடிக்கும் ஆற்றல் 170 மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். இது போதாதென்று, குறுகிய அலைகள் கட்டடங்களைச் சுற்றி வளைந்து போவதிலும் பின்தங்கியவை. மர இலைகளும் சுவர்களும் அவற்றை அதிகம் விழுங்கும். இதை ஈடுகட்டத்தான் 2 முதல் 6 வரையிலான சேனல்களுக்கு 100 கிலோவாட் என்று வரம்பு வைத்த, நிலையங்களுக்கு உரிமம் தரும் அரசு ஆணையம், யு.எச்.எஃப். எனப்படும் 14-ஆம் எண் முதலான சேனல்களுக்கு 5,000 கிலோவாட் வரை அனுமதித்தது. அனுமதி கிடைக்கலாம், மின்கட்டணத்தை யார் கட்டுவது? பெரிய நிலையம் சிறிய செலவில் வெகுதூரம் போனது, சிறிய நிலையம் பெரிய செலவு செய்தும் பக்கத்து ஊரை எட்டத் தவித்தது.

ஒரே ஊரில் அடுத்தடுத்த சேனல்களைக் கொடுத்தால் ஒன்றின் படம் மற்றொன்றில் கசியும். அதே எண்ணைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்தால் இரண்டும் மோதும். இந்தக் கணக்கில் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்த வி.எச்.எஃப். (2 முதல் 13 வரையிலான சேனல்கள்) இடங்கள் 2, 4, 7. ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சர் நகரம் 9-ஐ எடுத்துக்கொண்டது. 4 என்.பி.சி.யோடும், 7 ஏ.பி.சி.யோடும், 2 சி.பி.எஸ்.ஸோடும் சேர்ந்தன. பந்தி நிறைந்துவிட்டது. 1952-இல் யு.எச்.எஃப். திறக்கப்பட்டபோது பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளால் அதைப் பிடிக்கவே முடியாது. 1962-இல் சட்டம் போட்டு, 1964 முதல் எல்லாப் பெட்டிகளிலும் அந்த வசதியைக் கட்டாயமாக்கினார்கள். அப்போதும் 2 முதல் 13 வரை ஒரு குமிழ். ஒவ்வொரு எண்ணிலும் டக் டக்கென்று நிற்கும். யு.எச்.எஃப்.-க்கு வேறொரு குமிழ். பழைய வானொலிப் பெட்டியைப் போலத் தடவித் தடவித் தேட வேண்டும். 62 வரைக்கும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டு போகிற ஒருவருக்கு அங்கே ஏதோ வேண்டியிருக்க வேண்டும்.

1975-இல் அங்கே ஒன்று வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, கிழக்கு ஜெஃபர்சன் சாலையில் ஒரு கட்டடத்திலிருந்து டபிள்யூ.ஜி.பி.ஆர். நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. (நம் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் பிறந்தது, ஆறு வாரம் மூத்தது.) வழக்கறிஞர் வில்லியம் வி. பேங்க்ஸ் தலைமையிலான ஒரு கறுப்பின மேசனிய (ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்க வகையைச் சேர்ந்த) அமைப்பு அதற்கு உரிமையாளர். அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கறுப்பின மக்கள் சொந்தமாக வைத்து நடத்திய முதல் தொலைக்காட்சி நிலையம் அதுதான். எந்த வலையமைப்போடும் அது இணையவில்லை. இணைய இடமும் இல்லை. அதனால் ஊரையே நம்பியது: உள்ளூர் செய்தி, டெட்ராய்ட் இளைஞர்கள் ஆடிய நடன நிகழ்ச்சி, வழிபாடு, சிறுபான்மை மொழிகளுக்கான நேரம். கேமராவுக்குப் பின்னால் நிற்க வேறெங்கும் வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகள் அங்கே தொழில் கற்றார்கள். பிற்காலத்தில் பெரிய நிலையங்களில் செய்தி வாசித்த சிலர் முதலில் நின்றது அந்தச் சின்ன ஸ்டூடியோவில்தான். யாருக்கும் வேண்டாத அலைவரிசை என்பதால்தான் அது அவர்கள் கைக்கு வந்தது. இதை நான் வருத்தத்தோடும் பெருமிதத்தோடும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகள் இப்படி ஓடின. பிறகு அமெரிக்கக் கால்பந்து குறுக்கே வந்தது.

1950-களிலிருந்து தேசியக் கால்பந்துப் போட்டிகளை ஒளிபரப்பிவந்தது சி.பி.எஸ். 1993 டிசம்பரில், நான்கு ஆண்டு உரிமைக்கு 158 கோடி டாலர் தருவதாகச் சொல்லி ஃபாக்ஸ் அதைத் தட்டிக்கொண்டு போனது. டெட்ராய்ட் லயன்ஸ் அணி விளையாடும் பிரிவின் உரிமையும் அதிலேயே அடக்கம். ஆனால் ஃபாக்ஸின் இணைப்பு நிலையங்கள் பல ஊர்களில் பலவீனமான யு.எச்.எஃப். நிலையங்கள், டெட்ராய்ட்டில் அது 50-ஆம் சேனல். விலை உயர்ந்த ஆட்டத்துக்குக் கீழ் எண் வேண்டும். 1994 மே 23 அன்று, நியூ வேர்ல்ட் என்ற நிலைய உரிமையாளர் நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்வதாக ஃபாக்ஸ் அறிவித்தது. பதிலுக்கு அந்த நிறுவனத்தின் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஃபாக்ஸுக்கு மாறும். அவற்றில் ஒன்று டெட்ராய்ட்டின் 2-ஆம் சேனல்.

ஒரே அறிவிப்பில் சி.பி.எஸ். வீடிழந்தது. 7-ஆம் சேனலின் உரிமையாளர் ஏ.பி.சி.யோடு நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். 4 அசையவில்லை. 50-ஆம் சேனல், புதிதாகத் தொடங்கவிருந்த யு.பி.என். வலையமைப்பின் பக்கம் போனது. வேறு வழியின்றி சி.பி.எஸ். 62-ஆம் சேனலை 2.4 கோடி டாலருக்கு வாங்குவதாக 1994 செப்டம்பரில் அறிவித்தது. பத்து மாதங்களுக்கு முன்பு ஏறிட்டும் பார்த்திராத எண். விற்பனை கூடாது என்று ஊருக்குள் எதிர்ப்புக் குரல் எழுந்து ஆணையம் வரை போனது. 1995-இல் அனுமதி கிடைத்தது. நிலையத்தின் பெயர் டபிள்யூ.டபிள்யூ.ஜே. என்று மாறியது. அதுவும் டெட்ராய்ட்டின் பழைய பெயர்தான்: 1920-லிருந்து ஒலித்த வானொலி நிலையம் ஒன்றின் பெயர், 1978 வரை 4-ஆம் சேனல் சூடியிருந்த பெயர். கடையின் பலகையை மாற்றுவது எளிது; அலையை நீட்ட முடியுமா? 62 நெடுங்காலம் தடுமாறியது. தனக்கென்று முழு அளவிலான உள்ளூர் செய்திப் பிரிவு அதற்குக் கிடைத்தது 2023 ஜனவரியில்தான். கறுப்பின டெட்ராய்ட்டின் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்த சேனல், நாட்டின் பெரிய வலையமைப்புக்குச் சொந்தமான பின்பு பெரும்பாலான ஆண்டுகள் ஊர்ச் செய்தியே சொல்லவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

இயற்பியல் பிற்பாடு கட்சி மாறியது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத் திறன் நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறின. டிஜிட்டல் ஒளிபரப்பில் நிலையம் தன் எண்ணைத் தரவாகவே அனுப்பும். பெட்டி அதைத் திரையில் காட்டும். உண்மையான அலைவரிசை எதுவாகவும் இருக்கலாம். டெட்ராய்ட்டில் '2' என்று திரையில் தெரிந்த நிலையம் உண்மையில் 7-இல் ஒளிபரப்பியது. '7' என்று தெரிந்தது 41-இல். '62' என்பது 44-இல். அத்தோடு, ஒரு காலத்தில் அரியணையாக இருந்த கீழ்நிலை வி.எச்.எஃப். இடங்களைப் பலரும் தவிர்த்தார்கள். மோட்டார், மின்விளக்கு, இடிமின்னல் எல்லாம் எழுப்பும் இரைச்சல் அந்த நீண்ட அலைகளில்தான் அதிகம். அனலாக் காலத்தில் அது திரையில் ஒரு கீற்றாகத் தெரிந்து மறையும். டிஜிட்டலில் படமே உறைந்து நின்றுவிடும். வீட்டுக்குள் வைக்கும் சின்ன ஆன்டெனாவுக்கும் இரண்டரை மீட்டர் தண்டுக்கும் ஒத்துவராது. ஒருகாலத்தில் ஏழைகளின் குடியிருப்பாக இருந்த யு.எச்.எஃப். இப்போது எல்லோருக்கும் வேண்டிய மனை.

அந்த மாற்றத்தின்போது 52 முதல் 69 வரையிலான சேனல்களைத் தொலைக்காட்சியிடமிருந்து முழுவதுமாக எடுத்துக்கொண்டார்கள். 62 என்ற எண் இன்றும் திரையில் இருக்கிறது. 62-இன் அலை அதனிடம் இல்லை. கிழக்கு ஜெஃபர்சன் சாலைக் கட்டடத்தில் 2017 முதல் பேங்க்ஸின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. 758 முதல் 764 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்த நாற்பது சென்டிமீட்டர் அலைகளில் இப்போது தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் காவலர்களும் பயன்படுத்தும் நாடு தழுவிய அவசரகாலத் தொடர்பு வலையம் ஓடுகிறது.