மந்தம் ஓர் இடமான கதை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பாடத்தில் டோல்ட்ரம்ஸ் என்றால் நிலநடுக்கோட்டை ஒட்டிய அமைதி மண்டலம். ஆங்கிலப் பேப்பரில் பங்குச்சந்தை டோல்ட்ரம்ஸில் கிடக்கிறது என்று போட்டிருக்கிறது. கடலில் இருந்தது சந்தைக்கு எப்படி வந்தது?"

போனதுதான் சார், வரவில்லை. கரையில் பிறந்து கடலுக்குப் போன சொல் இது. மந்தத்தைக் குறிக்கும் 'டல்' என்ற சொல்லுக்குச் சொந்தம். வால் பகுதி, அடம்பிடித்துக் கத்துவதைக் குறிக்கும் 'டான்ட்ரம்' சாயலில் ஒட்டியிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் டோல்ட்ரம்ஸில் இருக்கிறார் என்றால், எதிலும் பிடிப்பில்லாமல் முகம் தொங்கி உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். காற்றில்லாமல் நின்றுபோன பாய்மரக் கப்பலையும் மாலுமிகள் அப்படியே சொன்னார்கள். கேட்டவர்கள் அதை ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். 'அவன் தூக்கத்தில் இருக்கிறான்' என்றதும் 'அது எந்தத் தாலுகா?' என்று கேட்ட கதைதான். பழைய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டிக் காற்று வரைபடம் போட்ட அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ மோரி, 1855இல் வெளியிட்ட கடல் புவியியல் நூலில் அதை இடப்பெயராகவே எழுத, பெயர் நிலைத்துவிட்டது.

சரி, அங்கே காற்று ஏன் நிற்கிறது? பாடப்புத்தக விடை தெரிந்ததுதான். வெயில் செங்குத்தாக விழுகிறது, காற்று சூடாகி மேலே போகிறது, வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வியாபாரக் காற்றுகள் வந்து சேர்கின்றன. மேலே போகிற காற்று பக்கவாட்டில் வீசாது. ஆகவே அமைதி.

எனக்கு இது பள்ளியிலேயே உறுத்தியது. கார்த்திகைச் சொக்கப்பனைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். அனல் மேலே போகப் போக, அடியில் நாலா பக்கமிருந்தும் காற்று உள்ளே பாயும். அப்படியென்றால் கடலில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? இன்னொன்றும் இடிக்கிறது. இரண்டு வியாபாரக் காற்றுகளும் கிழக்கிலிருந்துதான் வருகின்றன. மோதும்போது வடக்கு தெற்கு வேகம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். மேற்கு நோக்கிய வேகம் எங்கே போயிற்று? திருவிழாவில் இரண்டு கூட்டம் ஒரே சந்தில் வந்து சேர்ந்தால் அப்படியே நின்றுவிடுமா என்ன? சேர்ந்து முன்னால்தான் நகரும்.

2024இல் ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிலையத்தின் யூலியா விண்ட்மில்லர் இதைக் கிளறினார் (காற்றாலைக்காரர் என்று பொருள் தரும் பெயர், பொருத்தத்தைப் பாருங்கள்). அட்லாண்டிக்கில் மிதவைக் கருவிகள் பதிந்த அளவுகளை எடுத்து, காற்று செத்துக் கிடந்த நேரங்களைத் தனியே பிரித்துப் பார்த்தார். காற்றுகள் மோதி மேலேறுவது பெரும்பாலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்தப் பட்டையின் ஓரங்களில்தான். இடி, மழை, ஆர்ப்பாட்டமெல்லாம் அங்கே. காற்று அசையாத உட்பகுதியிலோ மழை குறைவு, காற்றும் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகம் சொல்வதற்கு நேர் எதிர்! ஓரங்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், நீண்ட காலச் சராசரி எடுத்தால் பட்டை முழுக்க மேலேறுவதுபோலத்தான் தெரியும். பழைய விளக்கம் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த ரகசியம் அந்தச் சராசரியில் இருக்கிறது.

இத்தனை வருடம் யாரும் ஏன் பார்க்கவில்லை? நீராவிக் கப்பல் வந்ததும் காற்றில்லாத கடலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டே பணம் ஒதுக்கினால் இப்படித்தான், பாடப்புத்தகத்தில் உள்ள வரியைச் சரிபார்க்கக்கூட ஆள் இருக்காது.

எனக்குப் பிடித்தது வேறு. விண்ட்மில்லர் ஆராய்ந்த அமைதி, வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் நிலையான இடமல்ல, சில மணி நேரம், சில நாள் வந்து கவிந்துவிட்டுப் போகும் நிலை. அந்தக் காலத்து மாலுமி சொன்னதும் அதைத்தானே!

அப்புறம், உங்கள் மகள் பரீட்சையில் பழைய விடையையே எழுதட்டும். திருத்துகிறவர் இதைப் படித்திருக்க மாட்டார்.