மேல் பெர்த்தும் அரைக் கிலோ அல்வாவும்

"அரைக் கிலோ அல்வா பக்கத்துல இருந்துச்சு டாக்டர். அதுக்கும் சுகர் ஏறலைன்னா பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் இத்தனை வருடமாகச் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறேன். அல்வாவின் மேல் இப்படி ஒரு புகார் வந்தது அன்றுதான்.

அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரர், 62 வயது. மனைவி போன பிறகு தனியாக ரயிலேறி ஊர் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. இந்த முறை வியட்நாம். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ஓடும் பாதையில், பாதி வழியிலுள்ள டா நாங் வரை ராத்திரி வண்டியில் போயிருக்கிறார். ஏறக்குறைய 16 மணி நேரம். "நம்ம பழைய செங்கோட்டை லைன் மாதிரி மீட்டர் கேஜ் டாக்டர். அந்த ஆட்டத்துக்காகவே ஏறுனேன்." (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்று பகல் முழுக்க ஹனோயில் நடை. ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டில் செய்கிற மாதிரியே, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் பேனாவை எடுத்துக் குத்திக்கொண்டார். அப்புறம்தான் சாப்பாட்டு வண்டி வந்தது. சோற்றின் மேல் பன்றி இறைச்சி. இவர் சுத்த சைவம். இரண்டு வாழைப்பழம், நாலு பிஸ்கட்டோடு மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டார்.

அவர் போடுவது 30/70 கலவை இன்சுலின். அதில் ஒரு பகுதி சீக்கிரம் வேலை செய்யும். மற்ற பகுதி நாலு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும். எட்டு மணிக்குப் போட்டால் நடுராத்திரி தாண்டி அதன் ஆட்டம். பகலில் நடந்த நடையும் ராத்திரி வரை சர்க்கரையை இறக்கும். வயிற்றிலோ முழுச் சாப்பாடு இல்லை. இந்திய நேரத்துக்கும் அங்கே உள்ள நேரத்துக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் நினைத்திருந்தார். அது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

இரண்டு மணிக்கு முழித்தபோது சட்டை பிழிகிற அளவு வியர்வை. ஏசி நின்றுவிட்டது என்று நினைத்தாராம். கை நடுக்கம், படபடப்பு. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் கீழே பெட்டிக்குள். இறங்கப் பார்த்தால் ஏணி எந்தப் பக்கம் என்று புரியவில்லை. தலைமாட்டில் இருந்த அல்வாவைப் பிய்த்து வாயில் போட்டிருக்கிறார். கால் மணி நேரம் ஆகியும் தெளியவில்லை.

நம்மூர் அல்வா கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்தது. கொழுப்பு இரைப்பையில் தங்கும், உள்ளே இருக்கும் சர்க்கரை ரத்தத்துக்குப் போவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் இப்படித்தான். லோ சுகருக்கு, அதாவது ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால், வேண்டியது உடனே கரைகிற 15 கிராம் சர்க்கரை. குளுக்கோஸ் பொடியோ, மூன்று டீஸ்பூன் சீனி கலந்த தண்ணீரோ போதும். 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு பிஸ்கட், பழம், வேண்டுமானால் அல்வாவும். சீனி செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்லிபோஸ் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சீனியோ கருப்பட்டியோ சீக்கிரம் எடுபடாது, குளுக்கோஸ்தான் வேண்டும். இதை எழுதிக் கொடுத்தாலும் பலர் படிப்பதில்லை.

கீழ் பெர்த்தில் ஒரு பாட்டியும் பேரனும். அண்ணாச்சி குழறியதைக் கேட்டுப் பையன் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். தப்பில்லை. லோ சுகர் பார்ப்பதற்குக் குடிபோதை மாதிரியேதான் இருக்கும். பாட்டி விளக்கைப் போட்டுத் தலைமாட்டில் கிடந்த இன்சுலின் பேனாவைப் பார்த்தார். அவ்வளவுதான், பையிலிருந்து ஒரு இனிப்புச் சோடாவைத் திறந்து கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை விடவில்லையாம். அண்ணாச்சிக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் சரி. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நம் ஊரில் பதறிப்போய் முதலில் செய்வதே அதுதான்.

நெல்லை எக்ஸ்பிரஸில் என்றால் எதிர் சீட்டுக்காரர் ஏறினவுடனே "சாப்ட்டாச்சா?" என்று கேட்டிருப்பார். கதை அங்கேயே முடிந்திருக்கும். பாஷை தெரியாத ஊரில் தனியாகப் போகிறவருக்கு அந்தக் கேள்வி கிடையாது. அதனால் அண்ணாச்சிக்குச் சில மாற்றங்கள் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்து, அது சாப்பிடக் கூடியதுதான் என்று தெரிந்த பிறகு ஊசி. படுக்கும் முன் ஒரு தடவை குளுக்கோமீட்டர். பெர்த் கட்டாயம் கீழ்தான். குளுக்கோஸ் சட்டைப் பையில், பெட்டியில் அல்ல. 'எனக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன், உளறினால் இனிப்பு கொடுங்கள்' என்று அந்த நாட்டு எழுத்தில் ஒரு அட்டை. விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோனால் அது வெறும் தண்ணீர் மாதிரி.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டா நாங்கிலிருந்து சைகோன் வரை மீதிப் பாதி பாக்கியிருக்கிறதாம், தை முடிந்ததும் கிளம்புகிறாராம்.

"அல்வா கொண்டு போலாம்லா டாக்டர்?"

"தாராளமா. கீழ் பெர்த்துக்காரங்களுக்குக் கொடுங்க."