ஒரு டியூக் பட்டம் எப்படி முடிந்துபோகிறது?

சென்னையின் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர், 1875 முதல் 1880 வரை மெட்ராஸ் மாகாண ஆளுநராக இருந்த மூன்றாம் பக்கிங்காம் டியூக். தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். 1889-இல் அவர் இறந்ததும் அவருடைய டியூக் பட்டமும் இல்லாமல் போனது. இத்தனைக்கும் அவருக்கு மூன்று மகள்கள்.

பிரிட்டிஷ் பிரபுக்களில் டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என ஐந்து படிகள். உச்சியில் டியூக். இங்கிலாந்தில் இந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தவர் மன்னர் மூன்றாம் எட்வர்ட். 1337-இல் மூத்த மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினார். பட்டத்தில் ஊர்ப்பெயர் இருக்கிறதே என்று அந்த ஊரை அவர் ஆள்வதாக எண்ண வேண்டாம். டெவன்ஷயர் டியூக்கின் சாட்ஸ்வொர்த் மாளிகை இருப்பதே டெர்பிஷயரில்தான்.

பட்டம் அடுத்து யாருக்குப் போகும் என்பது, அரசர் அதை வழங்கும்போது எழுதித் தரும் சாசனத்தில் இருக்கிறது. எல்லாம் அந்த ஓரிரு வரிகளில்தான். பக்கிங்காம் குடும்பத்துக்கு 1822-இல் டியூக் பட்டமும் ஏர்ல் டெம்பிள் பட்டமும் ஒன்றாகவே கிடைத்தன. டியூக் பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டும். ஏர்ல் பட்டத்திலோ, ஆண் வாரிசு அற்றால் முதல் டியூக்கின் பேத்தி வழி ஆண்களுக்குப் போகலாம் என்று கூடுதலாக எழுதியிருந்தார்கள். அதனால் 1889-இல் டியூக் பட்டம் முடிந்தது. ஏர்ல் பட்டம் அந்தப் பேத்தியின் மகனுக்கு, அதாவது மூன்றாம் டியூக்கின் சகோதரி மகனுக்குப் போனது. டியூக்கிடம் இருந்த ஸ்காட்லாந்தின் கின்லாஸ் பட்டம் பெண்களுக்கும் உரியது என்பதால் மூத்த மகள் மேரிக்கு வந்தது. ஒரே மரணம், ஒரே குடும்பம், பட்டங்கள் மட்டும் வெவ்வேறு திசையில். பெண் என்ற ஒரே காரணத்துக்காக வாரிசுரிமை மறுக்கப்படுவது அநியாயம்தான். மாற்ற முடியாததும் அல்ல: மார்ல்பரோ டியூக்குக்கு மகன்கள் உயிரோடு இல்லாததால் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றியது, 1722-இல் மகள் ஹென்றியெட்டா பட்டத்துக்கு வந்தார்.

டியூக்குகளுக்கு இன்று அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பிறப்பால் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமையைப் பெரும்பாலோர் 1999-இல் இழந்தார்கள். ஆனால் நார்ஃபோக் டியூக்குக்குப் பரம்பரையாக ஒரு பெரிய பொறுப்பு உண்டு. 2022-இல் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கையும், மறு ஆண்டு சார்லஸின் முடிசூட்டையும் முன்னின்று நடத்தியவர் அவரே.

சாசனத்தை இன்னும் சுருக்கியும் எழுதலாம். 2023-இல் இளவரசர் எட்வர்டுக்குக் கொடுத்த எடின்பரோ டியூக் பட்டம் அவர் வாழ்நாளுக்கு மட்டுமே. மகன் இருந்தும் அது அவனுக்குப் போகாது.