ஆசைநாயகியா, துணைவியா?

ஹிட்லரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ஈவா பிரவுன் பெயர் வரும்போது, பெரும்பாலும் ‘ஆசைநாயகி’ என்ற அடைமொழியும் கூடவே வந்துவிடும். அந்தச் சொல் அவருக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

ஆசை, நாயகி இரண்டுமே வடமொழி வழி வந்தவை என்பார்கள். நாயகி என்றால் தலைவி. தஞ்சைப் பெரிய கோயில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். அவ்வளவு உயர்ந்த சொல், முன்னால் ‘ஆசை’ ஒட்டியதும் கீழே இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்து மிஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதே கதிதான். மாஸ்டர் என்பதன் பெண்பாலாக, வீட்டுத்தலைவி என்ற பொருளில் தொடங்கி, பிறகுதான் கள்ள உறவைக் குறிக்க வந்தது.

பழந்தமிழில் சொல்வதென்றால் தொல்காப்பியத்தில் ‘காமக்கிழத்தி’ இருக்கிறது. பேச்சு வழக்கில் வைப்பாட்டி. மூதாட்டி, சீமாட்டி போல வைப்பு + ஆட்டி. ஒருவன் ‘வைத்திருக்கும்’ பெண் என்று பொருள். மூன்று சொற்களும் ஆணின் ஆசையையோ உடைமையையோதான் பேசுகின்றன. அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதற்கு அவற்றில் இடமே இல்லை.

சரி, ஈவா எப்படி வாழ்ந்தார்? 1912இல் மியூனிக்கில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா தையல் வேலை தெரிந்தவர். அக்கா இல்ஸெ, தங்கை கிரெட்ல். 1929இல், 17 வயதில், ஹாஃப்மன் என்ற புகைப்படக்காரரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 40 வயது ஹிட்லர் அங்கே அவருக்கு ‘வோல்ஃப்’ என்ற பெயரில் அறிமுகமானார். பிறகு ஈவா இரண்டு முறை தற்கொலைக்கு முயன்றார். மியூனிக்கில் அவருக்கும் கிரெட்லுக்கும் ஒரு வீடு கிடைத்தது. மலைமேல் ஹிட்லரின் பெர்க்ஹோஃப் மாளிகையில் அறையும் கிடைத்தது. ஆனால் ஜெர்மன் மக்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. வெளியாருக்கு அவர் ஒரு செயலாளர், அவ்வளவுதான். மகளின் உறவை முதலில் ஏற்காத பெற்றோரும் பின்னாளில் பெர்க்ஹோஃபில் விருந்தாளிகளாக வந்து தங்கினார்கள்.

ஜெர்மன் மொழியில் ஈவாவுக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘கெலீப்டெ’, நேசிக்கப்பட்டவள். மற்றது ‘லேபன்ஸ்கெஃபேர்ட்டின்’. லேபன் என்றால் வாழ்க்கை. கெஃபேர்ட்டின் என்பது பயணம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கூடவே வழி நடப்பவள். நம்மிடம் ‘வழித்துணை’ என்ற சொல் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். ‘வாழ்க்கைத்துணை’ என்று எழுதலாம். ஆனால் திருக்குறளின் ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரம் தொட்டு அது மணமான மனைவியையே நினைவூட்டும். ‘துணைவி’ போதும். அழைப்பிதழ்களில் துணைவியார் என்றால் மனைவிதான் என்றாலும், தனித்து வரும்போது துணைவி கொஞ்சம் தளர்வான சொல்.

துணை நல்ல பழந்தமிழ்ச் சொல். இணை, உதவி, அளவு என்று பல பொருள் உண்டு. நான் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேறு. ‘குற்றத்துக்குத் துணை போனான்’ என்கிறோம் அல்லவா, அந்தப் பொருளும் இதற்குள் இருக்கிறது. ஆசைநாயகி என்றால் ஈவா ஒரு பொம்மை, ஒன்றும் அறியாதவர் என்று தப்பவிட்டுவிடுவோம். அவர் அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஹிட்லரோடு உட்கார்ந்தவர். பெர்க்ஹோஃப் மொட்டை மாடியில் ஹிட்லர் சிரிப்பதையும் குழந்தைகளைக் கொஞ்சுவதையும் வண்ணத்தில் படம்பிடித்தவர். லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த மாளிகை வாழ்க்கையை வாழ்ந்தவர். தங்கை கிரெட்ல் 1944இல் மணந்தது நாஜிக்களின் எஸ்.எஸ். படைத் தளபதி ஃபெகெலைனை. 1945 ஏப்ரலில் ஹிட்லரின் பெர்லின் பதுங்குகுழியிலிருந்து நழுவிய ஃபெகெலைனை ஹிட்லரின் ஆட்களே சுட்டுக் கொன்றார்கள். அப்போது கிரெட்ல் நிறைமாத கர்ப்பிணி. அதன் பிறகும் ஈவா அங்கேயே இருந்தார்.

ஹிட்லர் தன் உயிலில் இந்த 33 வயதுக்காரரைக் குறித்த சொல் ‘மேட்ஷன்’, அதாவது சின்னப் பெண். மனைவியாக ஏற்பதாக எழுதும் வரியிலேயே அப்படி எழுதினார். திருமணப் பதிவில் ஈவா பழக்கத்தில் பிரவுனின் ‘பி’ எழுத்தைத் தொடங்கி, அடித்துவிட்டு, ஹிட்லர் என்று எழுதினார்.

ஆகவே தமிழில் எழுதும்போது: 1945 ஏப்ரல் 29 வரை ஹிட்லரின் துணைவி ஈவா பிரவுன், அதன்பின், மறுநாள் பிற்பகல் அவர் சயனைடு கடித்து இறக்கும் வரை, மனைவி ஈவா ஹிட்லர்.