வாயு: சொற்பிறப்பும் தமிழ் நிகரும்

வாயு என்பது வடசொல். வீசுதல் என்னும் பொருளுடைய 'வா' என்னும் வினையடியோடு 'உ' என்னும் ஈறு சேர, இடையில் நம் உடம்படுமெய் போலவே யகரம் தோன்றிப் பிறந்தமையால், 'வீசுவது' என்பதே இதன் நேர்ப்பொருளாகும். தமிழ் 'வாய்' என்பதிலிருந்து இது வந்தது என்பாரும் உளர். ஒலி ஒப்புமையன்றி அதற்கு வேறு சான்றில்லை. பண்டை ஈரானியரின் மறைநூலான அவெத்தாவிலும் வாயு என்னும் தெய்வம் உண்டு. காற்றைக் குறிக்கும் இலத்தீன் 'வெந்துஸ்', ஆங்கில 'விண்ட்' ஆகியவையும் இவ்வடிக்கு இனமானவையே. அணைந்துபோதல் என்ற பொருளில் பௌத்தர் வழங்கிய நிர்வாணம் என்பதிலும் இதே அடி இருப்பது, அச்சொல்லை ஆடையின்மையாக மட்டும் அறிந்தவர்க்கு வியப்பளிக்கலாம்.

இதற்கு நிகரான பழந்தமிழ்ச் சொல் வளி. 'நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும்' என்று தொல்காப்பிய மரபியல் ஐம்பூதங்களை எண்ணுமிடத்தில் அதுவே நிற்கிறது. உடலில் இயங்கும் காற்றுக்கும் அதுவே பெயர்: 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்னும் 941ஆம் குறளுக்கு வாதம், பித்தம், சிலேத்துமம் என உரை கூறுவர், அந்த வாதமும் 'வா' என்னும் வடமொழி அடியிற் பிறந்ததே. புறநானூற்று 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோனை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று போற்றும்போது, கலம் செலுத்தும் கடற்காற்றையும் வளி என்றே குறிக்கிறார். எனவே பூதம், உடற்கூறு, வீசும் காற்று ஆகிய மூன்றுக்கும் வளி பொருந்தும். பின்னர், வீசும் காற்றுக்குக் காற்று என்பதே பொதுவழக்காயிற்று.

சிக்கல் அறிவியல் வழக்கில்தான் எழுகிறது. திண்மம், நீர்மம் ஆகியவற்றின் வரிசையில் வரும் பொருள்நிலைக்கு வாயு என்றும், தனித்தமிழ் நாடுவோரால் வளிமம் என்றும் எழுதப்படுகிறது. இலங்கைப் பாடநூல்களிலோ நாம் மூச்சிழுப்பது வளி, அதில் கலந்துள்ள ஒட்சிசன் முதலியவை வாயுக்கள். அங்கே வாயு வரும் இடமெல்லாம் வளி என்று மாற்றினால், பயனுள்ள ஒரு வேறுபாடு அழிந்துவிடும்; வளிமம் என்று மாற்றினால் அது நிலைக்கும். ஆகவே பூதத்துக்கு வளி, வீசுவதற்குக் காற்று, பொருள்நிலைக்கு வளிமம் என்று பிரித்தாள்வதே தக்கது. சமையல் எரிவாயுவை எரிவளி ஆக்கலாம். எனினும், தமிழ் 'எரி'யோடு இணைந்து வீடுதோறும் புழங்கும் அச்சொல்லை வலிந்து நீக்க வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக் கோளாற்றைச் சொல்லும்போது, பேச்சுவழக்கு அதை 'வாய்வு' என்று தன் ஓசைக்கேற்ப முன்பே திருத்திக்கொண்டுவிட்டது.