மீனையெல்லாம் நிறுத்துவதற்கு முன்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இந்தக் கடற்கரையில் குழந்தைகளுக்கான உணவு ஆலோசனை தருபவள் என்ற முறையில், நான் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "மேடம், புள்ளைக்கு மீனே ஒத்துக்கிறதில்லை." இதைச் சொல்லும் தாய் பெரும்பாலும் அதற்குள் இறால், நண்டு, கணவாய், கருவாடு, முட்டை, கத்தரிக்காய் வரை எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார். குழந்தை ரசச்சோற்றிலும் பிஸ்கட்டிலும் வளர்ந்துகொண்டிருக்கும். வயதுக்கேற்ற எடை இருக்காது. தடிப்பு வந்தது உண்மை, தாயின் பயமும் நியாயமானது. ஆனால் எதனால் வந்தது என்று அறியாமலே வீட்டிலுள்ள சத்தான பண்டங்களை எல்லாம் விலக்கிவிடுவது, பல நேரங்களில் ஒவ்வாமையைவிடப் பெரிய கேட்டை அந்தக் குழந்தைக்குச் செய்துவிடுகிறது.

அதனால் நான் முதலில் கேட்பது, அன்று அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவது முகம் சிவந்ததா, தலை வலித்ததா, நெஞ்சு படபடத்ததா என்பதே. சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களை வலையிலிருந்து எடுத்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், சதையில் இயல்பாக உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிரிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடலே வெளியிடும் வேதிப்பொருளும் இதுதான் என்பதால், தடிப்பும் அரிப்பும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அச்சாக ஒவ்வாமை போலவே வரும். சிலருக்கு நாக்கில் மிளகைக் கடித்தது போன்ற எரிச்சலும் இருக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. குழம்பில் புளியும் மிளகாயும் தூக்கலாக இருந்தால் ருசியிலும் பிடிபடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வெளியூரிலிருந்து பல கைகள் மாறிய மீன் நம் சந்தைக்கு வருகிறது. தாயும் மாமியாரும் குழந்தையும் ஒரே நாளில் தடித்துப்போய் வந்தால், மருத்துவர் பார்த்து உறுதிசெய்த பிறகு, குழந்தையின் மீனை நான் நிறுத்தச் சொல்வதில்லை. மீன் வாங்கும் இடத்தை மாற்றச் சொல்கிறேன், வாங்கியதும் ஐஸில் வைக்கச் சொல்கிறேன்.

குழந்தைக்கு மட்டும், அதே பண்டத்தைத் தின்ற ஒவ்வொரு முறையும், இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவதோ தடிப்பு ஏறுவதோ மூச்சிழுப்பு வருவதோ நடந்தால், அப்போது உண்மையான ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். அங்கேயும் மீனா, இறாலா என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது பார்வால்புமின் என்ற தசைப் புரதம்; இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றில் ட்ரோபோமயோசின் என்ற வேறொரு புரதம். இரண்டுக்கும் உறவில்லை. இறால் மட்டும் சேராத குழந்தை விளமீனையும் பாறையையும் சங்கராவையும் அச்சமின்றி உண்ணலாம் என்பதைக் கேட்டதும் கண்கலங்கிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். மீனில்லாத வீடாக வாழ்வது இந்தக் கரையில் எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை தேவை. தோல் குத்துப் பரிசோதனையிலோ இரத்தத்தில் ஐஜிஇ என்ற, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் எதிர்ப்பொருளின் அளவிலோ 'பாசிட்டிவ்' என்று வந்தால், உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டிருக்கிறது என்பதே பொருள். தின்றால் நோய் வரும் என்று அது மட்டுமே நிரூபிக்காது. ட்ரோபோமயோசின் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளிலும் கரப்பான்பூச்சியிலும் இருப்பதால், தூசியால் இழுப்பு வரும் குழந்தைக்கு, அது இறாலை நன்றாகத் தின்று செரிக்கும் குழந்தையாக இருந்தாலும், இறாலுக்குப் பாசிட்டிவ் வரக்கூடும். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்து, நீண்ட விலக்குப் பட்டியலோடு அனுப்பும் பரிசோதனைகளுக்குச் செலவிட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். ஐஜிஜி காட்டுவது பெரும்பாலும் குழந்தை எதைத் தின்று பழகியிருக்கிறது என்பதைத்தான்.

எது சேராது என்பது உறுதியான பின், அந்த ஒன்றை முழுமையாக விலக்க வேண்டும். நம் வீடுகள் தவறுவது இங்கேதான். நெத்திலிக் கருவாட்டில் சென்னாக்கூனி என்ற பொடி இறால் கலந்திருக்கும். இரண்டும் ஒரே வலையில் வந்து ஒரே மணலில் காய்பவை. மீன் பொரித்த எண்ணெயில் மறுநாள் அப்பளம் பொரிப்போம். மீன்குழம்புக்கென்று பழகிய மண்சட்டி, எவ்வளவு தேய்த்தாலும் குழம்பை உள்ளிழுத்து வைத்திருக்கும். இந்தப் புரதங்கள் கொதியிலும் சிதையாதவை. கொதிக்கும் இறாலின் ஆவியை நுகர்ந்த மாத்திரத்திலேயே இழுப்பு வரும் குழந்தைகளும் உண்டு. ஆகவே குழந்தையின் சமையலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு மற்றவர்களுக்கான குழம்பைக் கூட்டுங்கள். குழந்தைக்கென எவர்சில்வர் சட்டி ஒன்றும் அகப்பை ஒன்றும் தனியாக இருக்கட்டும். கொதிக்கும் நேரத்தில் குழந்தை முற்றத்தில் இருக்கட்டும். அரிவாள்மனையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. கடலிலிருந்து திரும்பும் தகப்பன்மார் குளித்து உடைமாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குவதும் இதே காரணத்தால்தான்.

கடலை, எள் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு எண்ணெயிலும் கவனம் வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் அது கணிசமாகத் தங்கியிருக்கும். நாம் நல்லது என்று நம்பி வாங்கும் செக்கு நல்லெண்ணெயே ஒரு குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

பாலைப் பொறுத்தவரை, "பசும்பால் சேரலைன்னா ஆட்டுப்பால் கொடுக்கலாமா?" என்று ஆடு வளர்க்கும் வீடுகளில் கேட்பார்கள். பால் புரத ஒவ்வாமை இருந்தால் கொடுக்கக் கூடாது. இரண்டின் புரதமும் மிக நெருக்கமானவை, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் சேராது. வயிற்றுப்போக்கு நோய்க்குப் பின் சில காலம் பால் செரிக்காமல் வயிறு உப்புவது, பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதியின் குறைபாடு; அது வேறு, அதில் தயிரை வயிறு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்தை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் முருங்கைக்கீரையும் கைகொடுக்கும். தேங்காய்ப்பாலைப் பாலுக்கு மாற்றாக எண்ணிவிடாதீர்கள், அதில் புரதமும் சுண்ணாம்பும் மிகக் குறைவு. மீனையே நிறுத்த நேர்ந்த குழந்தைக்கு முட்டை, பருப்பு, கோழி ஆகியவை அன்றாடம் தட்டில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே காப்பது இன்னும் கடினம். முட்டை சேராத குழந்தைக்கு அதைச் சத்துணவு அமைப்பாளரிடமும் ஆசிரியரிடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் தரும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது. கீழக்கரை வீட்டு விசேஷங்களில் பரிமாறும் வட்டலப்பம் என்ற இனிப்பின் அடிப்படையே முட்டைதான் என்பதை உறவினர்கள் மறந்து ஊட்டிவிடுவார்கள். பொட்டலப் பண்டங்களில், 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகளின்படி பால், முட்டை, மீன், இறால் வகை, கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை போன்றவற்றைத் தனியே அறிவித்திருக்க வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. பேக்கரியில் சில்லறையாக வாங்குவதில் எந்த அறிவிப்பும் இராது.

"கொஞ்சங் கொஞ்சமாக் கொடுத்தாப் பழகிரும்" என்று சொல்லும் அப்பத்தாமாரை நான் மதிக்கிறேன். அவர்கள் கைப்பக்குவத்தில்தான் இந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் உண்டு. லண்டனில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் வயதிலேயே தொடங்கி நிலக்கடலையைத் தொடர்ந்து உண்டவர்களிடம், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆறாம் மாதத்துக்குப் பின் மீனையும் முட்டையையும் மசித்த கடலையையும் தள்ளிப்போடுவது பாதுகாப்புத் தருவதில்லை. ஆனால் ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு வீட்டில் அளந்து ஊட்டிப் பழக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

குரல் கம்மினாலோ, இழுப்பு வந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, குழந்தை வெளிறித் துவண்டாலோ 108-ஐ அழையுங்கள். அவிலும் செட்ரிசினும் அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சைத் திறப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே. மருத்துவர்கள் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று கணக்கிட்டுப் போடுவார்கள். குழந்தையை நடக்கவிடாமல் கால்களை உயர்த்திப் படுக்கவையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். தங்கச்சிமடத்திலோ வாலிநோக்கத்திலோ இருப்பவர்கள், இரவிலும் இந்த ஊசி போடக்கூடிய மருத்துவமனை அருகில் எது என்று பகலிலேயே விசாரித்து வைத்திருக்க வேண்டும். தடிப்பு அடங்கியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் வருவதுண்டு.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். மீன், இறால், கடலை ஒவ்வாமை பொதுவாக நீடிக்கும். எனவே ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். உண்ணக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை, ஊசியும் ஆக்சிஜனும் தயாராக உள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும். சளியோ இழுப்போ உள்ள நாளில் அதற்குக் குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள். அரிப்பு மாத்திரைகளை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.