புழு மருந்து சரியாகத்தான் இருக்கிறது, பூனையின் முதுகைப் பாருங்கள்

"டாக்டர், போன மாசம்தான் புழு மருந்து குடுத்தோம், மறுபடியும் அரிசி அரிசியா வருது. இந்த மருந்து சரியில்ல, வேற நல்லதா எழுதிக் குடுங்க." இந்த வாரமும் கேட்டாயிற்று. ஒரே பூனைக்கு வரிசையாக மூன்று கம்பெனி மருந்தைக் கொடுத்துவிட்டு நாலாவதைத் தேடி வந்திருந்தார்கள். வாலைத் தூக்கினால் ஆசனவாயைச் சுற்றி ரோமத்தில் வெள்ளைத் துண்டுகள், ஒன்றிரண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. முதுகில் வால் தொடங்கும் இடத்தில் ரோமத்தைப் பிரித்தால் கறுப்பாகத் தூள். "அது மண்ணுங்க, எங்கயாவது புரண்டிருக்கும்" என்றார்கள். ஈரப் பஞ்சில் ஒற்றிக் காட்டினேன், கறுப்புப் புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் கழிவு அது, அதாவது உங்கள் பூனையின் இரத்தம்தான், செரித்துப் போனது.

தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். அந்த வெள்ளைத் துண்டுகள் நாடாப்புழுவின் கண்ணிகள், அதாவது முட்டை நிறைந்த உடல் துண்டுகள். பூனைகளில் அடிக்கடி பார்க்கும் நாடாப்புழு, பூனையின் மலத்திலிருந்து நேராக இன்னொரு பூனைக்குப் போவதில்லை. கெட்டுப்போன தீனியால் வருவதில்லை, பால் குடித்ததால் வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுபோல் இனிப்பு தின்றதாலும் வருவதில்லை. கண்ணி உலர்ந்து உடைந்து முட்டைகள் சிதறும், அதைத் தெள்ளுப்பூச்சியின் குட்டிப் புழு தின்னும், அது வளர்ந்து தெள்ளாகிப் பூனைமேல் ஏறும், அரிக்கிற இடத்தை நக்கிக் கடிக்கும்போது பூனை அந்தத் தெள்ளை விழுங்கும். மூன்று வாரம் போதும், வயிற்றுக்குள் புது நாடாப்புழு தயார். நாடாப்புழு மருந்தான பிராசிகுவான்டெல் கொடுத்த அன்று உள்ளே இருந்த நாடாப்புழு செத்தது உண்மை. ஆனால் அந்த மருந்து உடம்பில் தங்கிக் காவல் காப்பதில்லை. அடுத்த நாளே பூனை இன்னொரு தெள்ளை விழுங்கினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மருந்தை மாற்றி என்ன செய்ய? (எலி பிடிக்கிற பூனைக்கு எலி வழியாக வேறொரு வகை நாடாப்புழு வரும், அதற்குத் தெள்ளைக் குறை சொல்ல முடியாது. அப்படி வேட்டையாடும் பூனைக்குப் புழு மருந்தே அடிக்கடி தேவைப்படும், சில பூனைகளுக்கு மாதாமாதம்கூட.)

இதைச் சொன்னதும் அடுத்த பதில் தயாராக இருக்கும்: "எங்க பூனைக்குத் தெள்ளே இல்லைங்க, நாங்க பார்த்ததே இல்ல." பார்த்திருக்க மாட்டீர்கள்தான். நாள் முழுக்க நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது, நீங்கள் பார்ப்பதற்குள் விழுங்கிவிடும். தெள்ளுக் கடிக்கு ஒவ்வாமை உள்ள பூனை இன்னும் மும்முரமாக நக்கும், முதுகின் பின்பகுதியில் ரோமம் கொட்டும், தடவினால் சின்னச் சின்னப் பொருக்குத் தட்டுப்படும், ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாது. அப்புறம், "வெளியவே விடுறதில்ல" என்கிறவர்களுக்கு: பூனை வெளியே போவதில்லை, நீங்கள் போகிறீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதுவும் போகிறது. நாய்மேல் நாம் பார்க்கும் தெள்ளும் பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்கிற அதே இனம்தான்.

பூனைமேல் இருப்பது மொத்தப் படையில் ஒரு சின்னப் பங்கு. பெண் தெள்ளு ஒன்று நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும், அவை வழுக்கிக்கொண்டு பூனை படுக்கிற இடமெல்லாம் விழும். மெத்தை மடிப்பு, சோபா இடுக்கு, கார்ப்பெட் அடி என்று வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துக் குட்டிப் புழுக்கள் போய்ச் சேரும். கூட்டுப்புழுவாகிவிட்டால் மருந்து அடித்தாலும் கூட்டுக்குள் ஊடுருவாது, மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, யாராவது நடக்கிற அதிர்வோ உடல் சூடோ பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த அன்று கால் முழுக்கக் கடி வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதனால் தெள்ளுக்காகத் தோலில் விடுகிற சொட்டு மருந்தை ஒரு மாதம் விட்டுவிட்டு, அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவது வீண் செலவு. வீட்டிலுள்ள எல்லாப் பூனை நாய்க்கும் ஒரே சமயத்தில், அதனதன் மருந்தை, விடாமல் மூன்று மாதமாவது போடுங்கள், அதற்குப் பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்தால் இன்னும் நல்லது. பூனையின் விரிப்பை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். வாக்குவம் கிளீனரை இடுக்கெல்லாம் விட்டு எடுங்கள், எடுத்த குப்பையை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

"அதனதன் மருந்து" என்று சொன்னதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதியைப் பூனைக்கு விடாதீர்கள். கால்வாசியும் வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம். நாய்களுக்கான பல மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது, நாயின் உடம்பு அதைச் சமாளித்துவிடும், பூனையின் கல்லீரலால் முடியாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தே பூனைக்கு இந்த நிலை வந்ததுண்டு, ஆகவே ஈரம் நன்றாகக் காயும்வரை இரண்டையும் பிரித்து வையுங்கள். தெரியாமல் விட்டுவிட்டீர்களா? பூனை தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் கொண்டு கழுவி, துடைத்து, போர்த்தி உடனே கொண்டுவாருங்கள். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள். மருந்து வந்த அட்டைப்பெட்டியையும் எடுத்து வாருங்கள், "ஏதோ ஒரு சொட்டு மருந்து" என்று சொன்னால் எனக்கு என்ன புரியும்? "இயற்கை மருந்து" என்று பூண்டும் டீ ட்ரீ எண்ணெயும் கொடுப்பவர்களுக்கும் இதே திட்டுதான். இரண்டுமே பூனைக்கு விஷம்.

பூனைக்கான மருந்தையும் ரோமத்தின்மேல் விட்டுப் பயனில்லை. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், ரோமத்தைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

குட்டிகள் விஷயத்தில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன், தள்ளிப்போடாதீர்கள். உருண்டைப்புழு என்கிற இன்னொரு குடல்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுகிறது, "இன்னும் வெளியவே வரல, அதுக்கென்ன புழு" என்ற கேள்விக்கே இடமில்லை. மூன்று வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கொடுங்கள், தாய்க்கும் சேர்த்து. தெள்ளு மொய்த்த சின்னக் குட்டி இரத்தம் குறைந்தே செத்துப்போகும். ஈறு வெளுத்திருந்தால் அன்றைக்கே வாருங்கள். ஆனால் அத்தனை சின்னக் குட்டிக்குக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள். சீப்பால் வாரி எடுப்பதுதான் முதல் வேலை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூனையின் மலத்தொட்டியைத் தினமும் அள்ளுங்கள். உருண்டைப்புழு முட்டை வெளியே வந்த அன்றே தொற்றாது, பக்குவப்பட வாரக்கணக்கு ஆகும், அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால் போயிற்று. மண்ணில் கலந்துவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும்.

வரும்போது பூனையைக் கூடையில் கொண்டுவந்து எடை போட விடுங்கள். "ஒரு நாலு கிலோ இருக்கும்" என்று போனில் சொல்லப்படும் பூனைகள் தராசில் ஏறினால் இரண்டரையாகவும் இருக்கும், ஆறாகவும் இருக்கும். மாத்திரையை உங்கள் கண்முன் விழுங்கிவிட்டு சோபாவுக்குப் பின்னால் போய்த் துப்புவதும் உண்டு. அப்படி நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தோலில் விடுகிற மருந்துகளிலும் புழுவுக்கானது இருக்கிறது, மாற்றித் தருகிறேன்.